ஓபரா கிசுகிசுக்களில் எதை நம்பலாம்?

"ஓபரா கேட்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. பாட்டைத் தேடிப் போனால் வம்புதான் முதலில் கண்ணில் படுகிறது. ஒருவர் பாதியில் மேடையை விட்டுப் போய்விட்டார், ஒருவரை நிர்வாகம் நீக்கிவிட்டது, இந்தப் பாடகிக்கும் அந்தப் பாடகிக்கும் ஆகாது... இவற்றில் எவ்வளவு உண்மை? இந்தக் கலையில் இருப்பவர்கள் மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல வருடங்களாக இந்த உலகத்தின் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். அதில் எனக்குப் பிடிபட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரறியப் பேசப்படும் கதைகள், அதிலும் பாடகிகளின் கோபத்தையும் திமிரையும் பற்றியவை, நடந்தது கொஞ்சமும் கட்டியது மிச்சமுமாகவே இருக்கும். காதோடு காதாக மட்டும் பேசப்பட்டு, வெகுநாள் அச்சில் வராமல் கிடந்தவற்றில்தான் கனமான உண்மைகள் இருந்திருக்கின்றன. இது ஏன் இப்படித் தலைகீழாக இருக்கிறது என்று புரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

புகழ்பெற்ற ஓபராப் பாடகி மரியா காலஸிடமிருந்து தொடங்குவோம். 1958 ஜனவரி 2, ரோம் ஓபராவின் நிகழ்ச்சிப் பருவம் தொடங்கும் இரவு. பெல்லினியின் 'நோர்மா' ஓபரா. அரங்கில் இத்தாலியக் குடியரசுத் தலைவர் ஜொவான்னி கிரோங்கி உட்கார்ந்திருக்கிறார். வானொலியில் நேரடி ஒலிபரப்பு. முதல் அங்கம் முடிந்து போன காலஸ் திரும்பி வரவேயில்லை. மறுநாளிலிருந்து அவர் நாட்டின் தலைவரையே அவமதித்த பெண். புத்தாண்டு இரவில் அவர் விருந்தில் இருந்த செய்தியும் சேர்ந்துகொண்டது. கூத்தடித்துக் குரலைக் கெடுத்துக்கொண்டார் என்று கதை முடிந்துவிட்டது.

அந்தக் கதையில் விடுபட்டது என்ன? அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பாடப் பாடக் குரல் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய இரவுக்கு ரோம் ஓபரா ஒரு மாற்றுப் பாடகியைத் தயாராக வைத்திருக்கவில்லை. நிர்வாகத்தின் அந்தத் தவறு ஒரே இரவில் பாடகியின் குணக்கேடாக மாறிவிட்டது. வழக்கு நடந்தது, வருடங்கள் கழித்துத் தீர்ப்பு காலஸுக்குச் சாதகமாகவே வந்தது. அதற்குள் 'பாதியில் ஓடுகிறவர்' என்ற பெயர் கல்லில் எழுதியதுபோல் நிலைத்துவிட்டது. தீர்ப்பைப் பற்றி யார் பேசினார்கள்?

அந்தப் பெயருக்கு அடித்தளம் அதற்கு முந்தைய வருடமே போடப்பட்டிருந்தது. 1957 கோடையில் மிலானின் லா ஸ்காலா குழு எடின்பரோ விழாவுக்குப் போனது. 'லா சொன்னாம்புலா' ஓபராவை நான்கு முறை, அதாவது நான்கு காட்சிகள், பாடவே காலஸ் ஒப்பந்தம் செய்திருந்தார். நான்கையும் பாடினார். லா ஸ்காலா ஐந்தாவது காட்சி ஒன்றையும் அறிவித்திருந்தது. அவர் மறுத்துக் கிளம்பிப் போனார். போன இடம் வெனிஸில் ஒரு பெரிய விருந்து என்பதால் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஒப்பந்தத்தில் இல்லாத காட்சியைப் பாடாதவர், ஒப்பந்தத்தை மீறியவராக ஆனார். ஆனால் அந்த ஐந்தாவது காட்சியைப் பாட 23 வயது ரெனாட்டா ஸ்கோட்டோ வந்தார். அவருடைய சர்வதேச வாழ்க்கை அன்றிரவுதான் தொடங்கியது. ஓபராவில் ஒவ்வொரு ரத்துச் செய்திக்குப் பின்னாலும் இன்னொருவருடைய முதல் வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பாதியைப் படிக்கத்தான் எனக்கு எப்போதும் ஆசை.

காலஸுக்கும் இன்னொரு பெரும் பாடகியான ரெனாட்டா டெபால்டிக்கும் இடையே சொல்லப்பட்ட பகையும் அப்படித்தான். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள் என்பது நிஜம். அவர்களுக்குள் போட்டியும் உரசலும் இருந்ததும் நிஜம். அதற்கு மேல் ஏற்றப்பட்டது எல்லாம் பத்திரிகை விற்பனைக்காக. 1968 செப்டம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் (சுருக்கமாக 'மெட்') பருவம் டெபால்டியின் பாட்டோடு தொடங்கியபோது, காலஸ் பார்வையாளராக வந்து, முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் அவரைக் கட்டித் தழுவினார். அந்தப் புகைப்படம் இருக்கிறது. பகைக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட அந்தத் தழுவலுக்குக் கிடைக்கவில்லை.

இது இருபதாம் நூற்றாண்டுப் பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். 1727 ஜூன் 6 அன்று லண்டன் கிங்ஸ் தியேட்டரில் ஃபிரான்செஸ்கா குத்ஸோனி, ஃபவுஸ்தினா போர்தோனி என்ற இரண்டு பெரும் பாடகிகள் ஒரே ஓபராவில் பாடினார்கள். இளவரசி கரோலைன் முன்னிலையிலேயே இரு தரப்பு ரசிகர்களும் சீறுவதும் கைதட்டுவதும் ஊளையிடுவதுமாக ரகளை செய்தார்கள். அன்றைய செய்திகள் சொல்வது இவ்வளவுதான்: ரகளை செய்தது பார்வையாளர்கள். ஆனால் பிறகு வந்த கிண்டல் பிரசுரங்கள் இரண்டு பாடகிகளும் மேடையிலேயே தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டதாக எழுதின. கிட்டத்தட்ட 300 வருடங்களாக இசை வரலாற்றுப் புத்தகங்களிலேயே அது உண்மைச் சம்பவமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது. நல்லாடை போட்டுக்கொண்டு வந்து கத்திய கனவான்கள் கதையிலிருந்து காணாமல் போய்விட்டார்கள். மிஞ்சியது இரண்டு பெண்களின் குழாயடிச் சண்டை.

சரி, ஏன் இத்தனை ரத்துகள்? இதற்கு உடம்பைப் பற்றிப் பேச வேண்டும். ஓபராப் பாடகர்கள் ஒலிபெருக்கி இல்லாமல் பாடுகிறார்கள். 60, 70 பேர் வாசிக்கும் இசைக்குழுவைத் தாண்டி, 3,000 பேருக்கு மேல் அமரும் மெட் போன்ற அரங்கின் கடைசி வரிசைவரை இரண்டு சின்னஞ்சிறு குரல்நாண்களின் அதிர்வு போய்ச் சேர வேண்டும். லேசான சளியோடு அலுவலகம் போகலாம். அதே சளியோடு மேல் ஸ்தாயியில் அழுத்திப் பாடினால் குரல்நாணில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். பிறகு வாரக்கணக்கில் பேசாமல் இருக்க வேண்டியிருக்கும். மெக்சிகோவின் பாடகர் ரொலாண்டோ வியாசோன் புகழின் உச்சியில் இருக்கும்போதே குரல்நாணில் நீர்க்கட்டி வந்து 2009-இல் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. அதற்கு முன் அவர் ரத்து செய்த ஒவ்வொரு முறையும் என்னென்ன பேசினார்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். தனித்து ஒப்பந்தமாகும் பாடகர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் காட்சிக் கணக்கில். பாடினால்தான் பணம். வாரக்கணக்கில் ஒத்திகைக்கு வந்து, வெளியூரில் சொந்தச் செலவில் தங்கி, முதல் காட்சியன்று காய்ச்சலில் படுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒருவர் காட்சியை ரத்து செய்தார் என்று கேட்டதும் 'கொழுப்பு' என்று நினைக்கும்முன், அந்த ரத்தால் அதிகம் இழப்பது அவர்தான் என்பதை ஒரு கணம் யோசியுங்கள். உடம்பு ஒத்துழைத்தால் இவர்கள் எதற்கும் பின்வாங்குவதில்லை. 2009 ஜூலையில் லண்டனின் ராயல் ஓபரா அரங்கமான கோவென்ட் கார்டனில் ஜாய்ஸ் டிடொனாட்டோ 'செவில் நகர நாவிதன்' பாடிக்கொண்டிருக்கும்போதே வழுக்கி விழுந்து காலெலும்பை முறித்துக்கொண்டார். ஊன்றுகோலோடு அன்றைய காட்சியைப் பாடி முடித்தார். அடுத்த காட்சிகளைச் சக்கர நாற்காலியில் அமர்ந்து பாடினார்.

எல்லா ரத்துக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். லுச்சானோ பவரொட்டியின் குரலை நேசிக்காதவர் யார்? ஆனாலும் சிகாகோவின் லிரிக் ஓபராவில் 8 வருடங்களில் ஒப்புக்கொண்ட 41 காட்சிகளில் 26-ஐ அவர் ரத்து செய்தார். 1989-இல் அந்த நிறுவனம் இனி அவரை அழைப்பதில்லை என்று அறிவித்தது. மாதக்கணக்கில் காத்திருந்து சீட்டு வாங்கியவர்களுக்கு அங்கே உண்மையான குறை இருந்தது. 2002 மே மாதம் மெட்டில் 'தோஸ்கா'வின் இரண்டு காட்சிகளுக்கும் அவர் வரவில்லை. இரண்டாவது காட்சிக்கு, அதுவரை அங்கே பாடியிராத சல்வத்தோரே லிச்சித்ராவை ஐரோப்பாவிலிருந்து கான்கார்ட் விமானத்தில் வரவழைத்துப் பாட வைத்தார்கள். அரங்கம் எழுந்து நின்று ஆரவாரித்தது.

மேடையை விட்டுப் போனவர்களில் காணொளியாக உங்கள் கண்ணில் பட்டிருக்கக்கூடியவர் பாடகர் ரொபெர்த்தோ அலான்யா. 2006 டிசம்பர் 10, லா ஸ்காலாவில் 'ஐடா'வின் இரண்டாவது காட்சி. தொடக்கத்திலேயே வரும் கடினமான தனிப்பாடல் முடிந்ததும் மேல்மாடத்திலிருந்து கூச்சல் எழுந்தது. அவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு நடந்து போய்விட்டார். இசை நிற்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த மாற்றுப் பாடகர் அந்தோனெல்லோ பலோம்பி வேடம் போட நேரமில்லாமல், போட்டிருந்த சாதாரண உடையிலேயே எகிப்தியப் படைத்தலைவனாக மேடைக்குள் தள்ளப்பட்டார். லா ஸ்காலாவின் மேல்மாட ரசிகர்களை இத்தாலியில் 'லொஜ்ஜியோனிஸ்தி' என்பார்கள். கூச்சலிடுவதைத் தங்கள் உரிமையாகவும் கடமையாகவும் நினைப்பவர்கள். புச்சினியின் 'மதாம் பட்டர்ஃபிளை' 1904 பிப்ரவரி 17 அன்று முதன்முதலாக அரங்கேறிக் கூச்சலில் மூழ்கியதும் இதே அரங்கில்தான். புச்சினி அதைத் திருத்தி, மூன்று மாதம் கழித்து பிரெஷ்ஷா நகரில் மேடையேற்றி வெற்றி கண்டார். கூச்சலுக்குப் பிறகு ஓர் இசையமைப்பாளரால் திருத்தி எழுத முடியும். நடுப்பாட்டில் நிற்கும் பாடகருக்கு அந்த வசதி கிடையாது. அலான்யா போயிருக்கக் கூடாது என்பதே என் கருத்து. மேடையில் அவரோடு நின்ற சக கலைஞர்கள் தவித்துப்போனார்கள். கத்தியவர்களையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சோப்ரானோ (பெண்களின் உச்சக்குரல்) பாடகி ஏஞ்சலா கியோர்கியுவின் விவகாரம் இன்னும் சிக்கலானது. 2016-இல் வியன்னாவில் 'தோஸ்கா'வின் மூன்றாம் அங்கத்தில் யோனாஸ் கவுஃப்மான் கைதட்டல் தாங்காமல் தன் தனிப்பாடலை இரண்டாவது முறை பாடினார். அடுத்து வர வேண்டிய கியோர்கியு வரவில்லை. கவுஃப்மான் இசைக்குழுவின் வாசிப்போடு சேர்த்தே "சோப்ரானோவைக் காணோமே" என்று பாட, அரங்கம் சிரித்தது. 2024 செப்டம்பரில் சியோலில் அதே ஓபரா, அதே பாட்டு. டெனர் (ஆண்களின் உச்சக்குரல்) பாடகர் மறுமுறை பாடிக்கொண்டிருக்கும்போதே கியோர்கியு மேடைக்கு வந்து, இது கச்சேரி அல்ல, நாடகம் என்று எதிர்ப்புத் தெரிவித்தார். திரை வணக்கத்தின்போது பார்வையாளர்கள் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். சியோல் நிறுவனம் மன்னிப்புக் கேட்கச் சொன்னது. ஒரு சக பாடகரின் பாட்டின் நடுவே வந்து நிற்பது தவறு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி பழையது, கனமானது. மரண தண்டனைக்குக் காத்திருப்பவன் பாடும் பாட்டை நிறுத்தி மறுபடி பாடினால் நாடகம் என்ன ஆகும்? லா ஸ்காலாவில் பல பத்தாண்டுகள் மறுமுறை பாடும் வழக்கமே இல்லாமல் இருந்தது. 2007-இல் ஹுவான் டியேகோ ஃப்ளோரெஸ் தன் ஒன்பது உச்ச ஸ்வரங்களோடு அதை உடைத்தார். செய்திகளில் இந்தக் கேள்வி எங்கும் இல்லை. 'திமிர் பிடித்த சோப்ரானோ' மட்டுமே இருந்தார்.

நீக்கங்களைப் பற்றியும் கேட்டீர்கள். 1994 பிப்ரவரியில் மெட்டின் தலைமை மேலாளர் ஜோசப் வோல்ப், பாடகி காத்லீன் பேட்டிலை டோனிசெட்டியின் 'படைப்பிரிவின் மகள்' ஒத்திகைக் காலத்திலேயே நீக்கினார். ஒத்திகைகளில் தொழிலுக்கு ஒவ்வாத முறையில் நடந்துகொண்டார் என்பது காரணம். அவர் மறுபடி அந்த மேடையில் நின்றது 2016 நவம்பரில், 22 வருடங்கள் கழித்து. அவரைப் பற்றிய கதைகளை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஊர் மாறும், சொன்ன வசனம் மாறும். அப்படி ஊர் ஊராக மாறும் கதைகளை நான் நம்புவதில்லை. 'தோஸ்கா' ஓபராவின் முடிவில் நாயகி கோட்டைச் சுவரிலிருந்து குதித்ததும் கீழே வைத்திருந்த துள்ளுமெத்தை அவளை மறுபடி மேலே எம்பச் செய்தது என்ற கதையும் இந்த வகைதான். எத்தனையோ பாடகிகளின் பேரில், எத்தனையோ நகரங்களில் சொல்லப்படுகிறது.

இதற்கு நேர்மாறாக, நம்பவே முடியாததுபோல் தோன்றி உண்மையாக இருந்தது பாடகி டெபோரா வோய்ட்டின் கதை. 2004-இல் கோவென்ட் கார்டன், ஸ்ட்ராஸின் 'நாக்ஸோஸில் அரியாட்னே'யிலிருந்து அவரை எடுத்தது. காரணம், அந்தத் தயாரிப்பில் கதாநாயகிக்கு வைத்திருந்த கறுப்பு உடைக்கு அவர் உடல்வாகு பொருந்தாது என்பது. அந்தப் பாத்திரத்தில் அன்று உலகிலேயே முன்னணியில் இருந்தவர்களில் அவர் ஒருவர். அவரே வெளியே சொன்ன பிறகுதான் உலகம் நம்பியது. 2008-இல் அதே அரங்கில் அதே பாத்திரத்தைப் பாடினார்.

இனி நான் முதலில் சொன்ன காதோடு காதான பேச்சுக்கு வருகிறேன். ஜேம்ஸ் லெவைன் 1971-இல் மெட்டில் இசைக்குழு நடத்துநராக அறிமுகமாகி, 40 வருடங்கள் அந்த நிறுவனத்தின் இசையையே தீர்மானித்தவர். அவர் இளைஞர்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றிய பேச்சு பல பத்தாண்டுகளாக இந்த உலகத்தில் உலவியது. தொழிலுக்குள் இருந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். 2017 டிசம்பரில் பாதிக்கப்பட்டவர்கள் பெயரோடு பத்திரிகைகளில் பேசினார்கள். மெட் அவரை இடைநீக்கம் செய்து, விசாரணைக்குப் பிறகு 2018 மார்ச்சில் நீக்கியது. பாலியல் அத்துமீறலுக்கு நம்பத்தக்க சான்று கிடைத்ததாக அறிவித்தது. லெவைன் மறுத்தார், வழக்குத் தொடர்ந்தார். 2019-இல் சமரசமாக முடிந்தது. 2021-இல் காலமானார்.

புகழ்பெற்ற பாடகர் பிளாசிடோ டொமிங்கோ விஷயத்தில் 2019 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளில் மொத்தம் 20 பெண்கள் குற்றம் சாட்டினார்கள். பெரும்பாலோர் பெயர் சொல்லத் தயங்கினார்கள். அவர் மெட்டிலிருந்து விலகினார். லாஸ் ஏஞ்சலஸ் ஓபராவின் பொது இயக்குநர் பதவியையும் விட்டார். 2020 மார்ச்சில் அந்த நிறுவனத்தின் விசாரணை, 10 பெண்களின் புகார்கள் நம்பத்தக்கவை என்று முடிவு செய்தது. யாரையும் வற்புறுத்தவில்லை, யாருடைய தொழில் வாழ்க்கையையும் கெடுக்கவில்லை என்பது டொமிங்கோவின் நிலைப்பாடு. முதல் கட்டுரை வந்த அதே மாதம் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விழாவில் அவர் மேடைக்கு வந்ததும், பாடுவதற்கு முன்பே அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலைப் பற்றி நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

காலஸ் ஒரு விருந்துக்குப் போனது உடனே உலகச் செய்தி ஆனது. இவை வெளிவரப் பத்தாண்டுகள் பல ஆயின. காரணம் அந்தத் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. பெரிய அரங்கங்கள் உலகத்திலேயே கொஞ்சம். அங்கே யார் என்ன பாடுவது என்பது மூன்று நான்கு வருடங்களுக்கு முன்பே முடிவாகிவிடும். முடிவெடுப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். 25 வயதுப் பாடகி ஒருத்தி ஒரு பெரிய நடத்துநரைப் பற்றி வாய் திறந்தால் அவளுக்கு யாரும் தண்டனை தர வேண்டியதில்லை. அடுத்த அழைப்பு வராது, அவ்வளவுதான். ஆனால் ஒரு பாடகியின் கோபத்தைப் பற்றி ஒப்பனைக்காரர் முதல் மேலாளர் வரை யார் வேண்டுமானாலும் பேசலாம். பேசுகிறவருக்கு அதில் எந்த இழப்பும் இல்லை. அதனால் இப்போது ஒரு கிசுகிசுவைப் படிக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, இதைச் சொன்னவர் எதையாவது இழக்க நேருமா என்பதுதான்.

நிர்வாகங்களின் மொழியையும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். 'உடல்நலக் குறைவு' என்று ஒரே ஒரு காட்சிக்குச் சொன்னால் பெரும்பாலும் அது உடல்நலக் குறைவேதான். முழுத் தொடரிலிருந்தும் ஆறு மாதம் முன்பே ஒருவர் விலகினால், அந்தப் பாத்திரம் தன் குரலுக்கு ஒத்துவராது என்று அவரோ நிர்வாகமோ உணர்ந்திருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒத்திகை தொடங்கிய பிறகு 'தனிப்பட்ட காரணங்களுக்காக' விலகினால் இயக்குநரோடு உரசலாக இருக்கலாம், வீட்டில் மரணமாகவும் இருக்கலாம். ஊகிக்காமல் விடுவதே மரியாதை. அதே பெயர் அடுத்த பருவத்தின் அறிவிப்புகளிலிருந்தும் சத்தமில்லாமல் மறைந்துபோனால்தான் நான் கவனிக்கத் தொடங்குவேன்.

கடைசியாக, கிசுகிசுபோலத் தெரியாத, ஆனால் இந்தக் கலையின் தலையெழுத்தை எழுதும் செய்திகள் உண்டு. 2022 நவம்பரில் இங்கிலாந்தின் கலை மன்றம் இங்கிலிஷ் நேஷனல் ஓபராவை நிரந்தர மானியப் பட்டியலிலிருந்து எடுத்தது. அடுத்த வருடம் அந்த நிறுவனம் மான்செஸ்டரைத் தன் புதிய தளமாக அறிவித்தது. அதில் ஆடிப்போனது இசைக்குழுவினரின், சேர்ந்திசைக் குழுவினரின் வேலை. 2025 செப்டம்பரில் வெனிஸின் லா ஃபெனிசே அரங்கத்துக்கு பியாட்ரிசே வெனேசி இசை இயக்குநராக அறிவிக்கப்பட்டபோது, தங்களைக் கலந்து பேசவில்லை என்று அங்குள்ள இசைக் கலைஞர்களே எதிர்த்து நின்றார்கள். இந்தச் செய்திகளில் பொய்முடியும் இல்லை, கிழிந்த உடையும் இல்லை. ஆனால் பத்து வருடம் கழித்து எங்கே ஓபரா நடக்கும், யார் பாடுவார்கள் என்பது இவற்றில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு காரியம் செய்யச் சொல்வேன். ரோமில் அந்த 1958 இரவு வானொலியில் போனதால் முதல் அங்கத்தின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. அதில் நிலவைப் பார்த்து நோர்மா பாடும் 'காஸ்தா தீவா' வரும். முதலில் காலஸ் நல்ல உடல்நிலையில் பாடிய ஏதாவதொரு பதிவில் அதைக் கேளுங்கள். பிறகு ரோம் பதிவைப் போட்டு, நீண்ட வரிகளில் மூச்சும் குரலும் என்ன பாடுபடுகின்றன என்று கவனித்துவிட்டு, அவர் ஏன் திரும்பி வரவில்லை என்று எனக்குச் சொல்லுங்கள்.